ரூபாய் ஏன் சரிகிறது? வர்த்தகப் பற்றாக்குறையை வகுப்பறையில் விளக்குவோம்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘உலகமயமாதல் மற்றும் வர்த்தகம்’ பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய் என்று யார் முடிவு செய்கிறார்கள்? நம் ரூபாய் மட்டும் ஏன் குறைந்துகொண்டே போகிறது?” ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகம் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். ஆனால் கூர்மையான மாணவர் விடமாட்டார். “அப்படியென்றால் ஒவ்வோர் ஆண்டும் நாம் நஷ்டப்படுகிறோமா? அந்த நஷ்டத்தை யார் கட்டுகிறார்கள்?” என்று தொடர்வார். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பொருளாதாரப் பாடம்

தென்சென்னைப் புறநகரில் பணியாற்றும் ஆசிரியர்கள் இப்பாடத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே ஒரு தொழிலின் பெயர்தான். குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையைப் பின்பற்றிய ‘குரோம் லெதர்’ நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அமைந்ததால் வந்த பெயர் அது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணி பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. சில கிலோமீட்டர் தெற்கே, தாம்பரம் சானட்டோரியம் ரயில் நிலையத்தை ஒட்டி மெப்ஸ் வளாகம் இருக்கிறது. 1984இல் சென்னை ஏற்றுமதிச் செயலாக்க மண்டலமாகத் தொடங்கி, 2003இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறியது. காலை ஷிப்டுக்கு அந்த வாயிலில் இறங்கும் பெண்களில் நம் மாணவர்களின் தாய்மார்களும் அக்காமார்களும் இருப்பார்கள். அவர்கள் தைக்கும் சட்டையும், பக்கத்துக் கட்டடத்தில் எழுதப்படும் மென்பொருளும் நாட்டுக்கு டாலர் கொண்டுவருகின்றன.

அதே சாலையில் டாலர் வெளியேறும் வழிகளும் உண்டு. பெட்ரோல் பங்கில் நிற்கும் வண்டி வரிசை ஒன்று. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. தாம்பரம் கடைத்தெருவில் வரிசையாக நிற்கும் நகைக்கடைகள் இன்னொன்று. இந்தியாவில் விற்கும் தங்கத்தில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. சமையல் எண்ணெய், செல்போனுக்குள் இருக்கும் சிப்பு, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டும் கல்விக் கட்டணம் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

எது பற்றாக்குறை?

ஏற்றுமதி செய்த பொருள்களின் மதிப்பைவிட இறக்குமதி செய்த பொருள்களின் மதிப்பு கூடினால் அது வர்த்தகப் பற்றாக்குறை. விடுதலைக்குப் பிறகு 1972-73, 1976-77 ஆகிய இரண்டு ஆண்டுகளைத் தவிர இந்தியாவுக்கு எல்லா ஆண்டும் பற்றாக்குறைதான். 2023-24இல் சரக்கு ஏற்றுமதி சுமார் 43,700 கோடி டாலர்; இறக்குமதி சுமார் 67,800 கோடி டாலர். இடைவெளி ஏறத்தாழ 24,000 கோடி டாலர்.

மாணவர்களிடம் இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டால் தவறான படம் பதிந்துவிடும். அதே ஆண்டில் மென்பொருள் உள்ளிட்ட சேவைகளில் நமக்கு 16,000 கோடி டாலருக்கு மேல் உபரி கிடைத்தது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உழைப்பவர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. மறுபக்கம், இங்கே முதலீடு செய்த வெளிநாட்டவருக்கு வட்டியாகவும் லாபமாகவும் ஏறத்தாழ 5,000 கோடி டாலர் வெளியே போனது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதே நடப்புக் கணக்கு. அந்தக் கணக்கில் மிஞ்சிய பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நாடு வெளியாருக்கு எவ்வளவு கடன்படுகிறது என்பதைச் சொல்வது இந்த நடப்புக் கணக்குத்தான். வர்த்தகப் பற்றாக்குறை அதன் ஒரு பகுதி மட்டுமே.

டாலரின் விலை எப்படி ஏறுகிறது?

பல்லாவரத்துத் தோல் ஆலை ஒன்று வெளிநாட்டிலிருந்து ரசாயனம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் டாலர் கேட்கிறார். ஆலை தன் வங்கியில் ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்குகிறது. மெப்ஸில் உள்ள ஆடை நிறுவனம் தனக்கு வந்த டாலரை வங்கியில் கொடுத்து ரூபாயாக்கிக் கூலி கொடுக்கிறது. நாடு முழுவதும் இப்படி டாலர் கேட்பவர்களும் டாலர் கொடுப்பவர்களும் தினமும் சந்திக்கும் சந்தைதான் அந்நியச் செலாவணிச் சந்தை. முகூர்த்த நாளில் மல்லிகைப் பூவுக்கு நடப்பதே இங்கு டாலருக்கு நடக்கிறது. கேட்பவர் கூடினால் விலை ஏறும். டாலரின் விலை ஏறியது என்பதையே நாம் ரூபாய் சரிந்தது என்கிறோம்.

ஆகவே பற்றாக்குறை நீடித்தால் ரூபாய் மீது அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அழுத்தம் இருப்பதால் ரூபாய் உடனே சரிந்துவிடுவதில்லை. வெளிநாட்டு நிறுவனம் தொழிற்சாலை கட்டப் பணம் கொண்டுவந்தாலும், வெளிநாட்டு முதலீட்டாளர் நம் பங்குச் சந்தையில் பணம் போட்டாலும், நாம் வெளியே கடன் வாங்கினாலும் டாலர் உள்ளே வரும். ரிசர்வ் வங்கியும் தன் கையிருப்பிலிருந்து டாலரை விற்று வேகத்தைக் குறைக்கும். இவை அனைத்தும் சேர்ந்து நடப்புக் கணக்கின் ஓட்டையை அடைக்கின்றன. உள்ளே வரும் டாலர் திடீரென்று நிற்கும்போதுதான் ரூபாய் சடசடவென்று விழுகிறது.

ரூபாய் சரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவைவிட இந்தியாவில் விலைவாசி வேகமாக ஏறினால், ஒரு ரூபாய்க்கு வாங்கக்கூடிய பொருளின் அளவு அங்கே ஒரு டாலருக்கு வாங்கக்கூடியதைவிட வேகமாகக் குறைகிறது. நீண்ட காலத்தில் மாற்று விகிதம் இந்த வேறுபாட்டையும் பின்தொடரும். எல்லாப் பழியையும் இறக்குமதியின் தலையில் போட்டுவிட முடியாது.

யாருக்கு இலாபம், யாருக்குச் சுமை?

“ரூபாய் மதிப்புக் குறைந்தால் ஏற்றுமதி பெருகும்” என்று படித்திருக்கிறோம். இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 5 டாலருக்கு விற்கும் சட்டைக்கு, ஒரு டாலர் 60 ரூபாயாக இருந்தபோது 300 ரூபாய் கிடைத்தது. 85 ரூபாயானால் 425 ரூபாய். நிறுவனத்துக்கு 125 ரூபாய் கூடுதல் என்று தோன்றும். ஆனால் அந்தச் சட்டைக்கான துணி, ஜிப், பட்டன் ஆகியவற்றில் 2 டாலர் மதிப்புள்ளவை இறக்குமதி என்றால், கையில் நிற்பது 3 டாலர்தான். 180 ரூபாய் 255 ரூபாயாகிறது. உண்மையான கூடுதல் 75 ரூபாய். வெளிநாட்டு வியாபாரி, “உங்களுக்குத்தான் ரூபாயில் அதிகம் கிடைக்கிறதே” என்று விலையைக் குறைத்துக் கேட்டால் அதிலும் ஒரு பகுதி போய்விடும்.

இறக்குமதிப் பக்கம் பாருங்கள். ஒரு பீப்பாய் எண்ணெய் 80 டாலர் என்றால், 60 ரூபாய் மாற்று விகிதத்தில் 4,800 ரூபாய். 85 ரூபாயில் 6,800 ரூபாய். உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஒரு காசுகூட ஏறவில்லை. ஆனாலும் நமக்கு 2,000 ரூபாய் அதிகம். அது லாரி வாடகையில் ஏறி, கோயம்பேட்டிலிருந்து தாம்பரம் சந்தைக்கு வரும் காய்கறியில் ஏறும். வெளிநாட்டில் 20,000 டாலர் கட்டணத்தில் படிக்கும் மாணவரின் குடும்பத்துக்கு 12 லட்சம் ரூபாய் 17 லட்சமாகிறது. வெளிநாட்டிலிருந்து பணம் வரும் குடும்பத்துக்கோ அதே டாலருக்கு அதிக ரூபாய். இப்படி ரூபாயின் சரிவு ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளின் வீடுகளை இரண்டு விதமாகத் தொடும். டாலர் வரவோ தங்கமோ இல்லாத தினக்கூலிக் குடும்பத்துக்கு விலையேற்றம் மட்டுமே மிஞ்சும்.

1991: தங்கம் கப்பலேறிய ஆண்டு

பற்றாக்குறை நீடித்து, கடன் சேர்ந்து, திடீரென்று டாலர் வரத்து நின்றால் என்ன ஆகும் என்பதை இந்தியா ஒருமுறை நேரில் கண்டது. 1980களில் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையைக் குறுகிய காலக் கடனாலும் வெளிநாடுவாழ் இந்தியர்களின் வைப்புத்தொகையாலும் சமாளித்து வந்தோம். 1990 ஆகஸ்டில் ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. எண்ணெய் விலை எகிறியது. குவைத்தில் வேலை செய்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிய பணமும் நின்றது. நிலைமையைப் பார்த்துப் பயந்தவர்கள் வைப்புத்தொகையைத் திரும்ப எடுத்தார்கள். 1991 நடுப்பகுதியில் நம்மிடம் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற நிலை வந்தது.

1991 மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி வழியாக, திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையுடன் சுவிட்சர்லாந்தின் வங்கி ஒன்றுக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை அடகு வைத்து இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடமிருந்து சுமார் 40 கோடி டாலர் பெற்றது. ஜூலை 1, 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பு இரண்டு படிகளாகக் குறைக்கப்பட்டது. 21 ரூபாய் அளவில் இருந்த டாலர் 26 ரூபாய் அளவுக்கு ஏறியது. அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ்.வெங்கிடரமணன். துணை ஆளுநராக இருந்த சி.ரங்கராஜன் பிறகு ஆளுநரானார்.

வீட்டில் பள்ளிக் கட்டணத்துக்குத் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் நம் மாணவர்கள். 1991இன் தங்கக் கதையை அவர்களுக்கு விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். அடகு வைத்த தங்கம் மீண்டது. பிறகு 2009இல் பன்னாட்டு நிதியத்திடமிருந்தே 200 டன் தங்கத்தை இந்தியா விலைக்கு வாங்கியது. நெருக்கடியில் விழுந்த நாடு எழவும் முடியும் என்பதும் பாடத்தின் பகுதிதான்.

2013இல் சிறிய அளவில் இதே அழுத்தம் திரும்பியது. 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை சுமார் 8,800 கோடி டாலர், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காடு. அந்த ஆண்டில் தங்க இறக்குமதிக்கு மட்டும் 5,000 கோடி டாலருக்கு மேல் செலவானது. அமெரிக்காவில் வட்டி உயரும் என்ற எதிர்பார்ப்பில் முதலீட்டாளர்கள் பணத்தை வெளியே எடுக்க, ஆகஸ்ட் இறுதியில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

செல்வம் எங்கே போகிறது?

பழைய காலத்தில் பற்றாக்குறைக்கு விலை உலோகமாகவே கைமாறியது. தமிழகத்து மிளகையும் முத்தையும் வாங்கிய ரோமானியர்கள் தங்கமும் வெள்ளியும் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் இவ்வளவு செல்வம் இந்தியாவுக்குப் போகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி குறைபட்டுக்கொண்டார். கோவை, கரூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் அந்த வணிகத்தின் சாட்சிகள். அன்று பற்றாக்குறை அவர்களுடையது, உபரி நம்முடையது.

இன்று தங்கத்துக்குப் பதிலாக உரிமை கைமாறுகிறது. நாம் வாங்கியதற்கும் விற்றதற்கும் உள்ள இடைவெளியை அடைக்க வரும் ஒவ்வொரு டாலரும், நம் நாட்டின் ஏதோ ஒரு சொத்தின் மீதோ எதிர்கால வருமானத்தின் மீதோ வெளியாருக்கு ஓர் உரிமையைத் தருகிறது. அது கடன் பத்திரமாக இருக்கலாம், நிறுவனப் பங்காக இருக்கலாம், தொழிற்சாலையாக இருக்கலாம். வெளிநாடுகளில் நமக்குள்ள சொத்துகளைக் கழித்த பிறகு, இந்தியாவின் மீது வெளியாருக்குள்ள உரிமைகள் 2024 மார்ச்சில் 35,000 கோடி டாலருக்கு மேல் இருந்தன. முன்னே சொன்ன 5,000 கோடி டாலர் வட்டியும் லாபமும் அதற்காகத்தான் போகிறது.

அப்படியானால் பற்றாக்குறையே கூடாதா? கடன் வாங்கி விதை நெல் வாங்கியவரும், கடன் வாங்கி விருந்து வைத்தவரும் கடன்காரர்களே. அறுவடைக் காலத்தில் இருவர் நிலையும் ஒன்றாக இருக்காது. தென் கொரியா 1980களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் பற்றாக்குறையில் ஓடிய நாடு. வந்த பணத்தை எஃகு ஆலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் போட்டு, பிறகு உபரி நாடானது. ஆண்டுக் கணக்காகப் பற்றாக்குறையில் இருக்கும் அமெரிக்கா இன்னும் தாங்கி நிற்பதற்குக் காரணம் வேறு. அதன் சொந்த நாணயத்தையே உலகம் சேமிப்பாக வைத்துக்கொள்கிறது. அந்தச் சலுகை ரூபாய்க்கு இல்லை. நாம் எண்ணெயை ரூபாய் அச்சடித்து வாங்க முடியாது.

ஏற்றுமதி எண்களையும் ஆராய்ந்து பார்க்க மாணவர்களைப் பழக்க வேண்டும். தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2023-24இல் 956 கோடி டாலர். 2024-25இல் 1,465 கோடி டாலர். மகிழ்ச்சியான வளர்ச்சி. ஆனால் உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பொருத்தி அனுப்பும்போது, நமக்கு நிற்பது இடையில் சேர்த்த மதிப்பு மட்டுமே. உதிரிப்பாகமும் இங்கேயே உருவானால் நிகர வரவு கூடும். தோல் தொழில் வேறொரு பாடத்தையும் சொல்கிறது. தோல் கொண்டுவந்த டாலர் ஏற்றுமதிக் கணக்கில் ஏறியது. கெட்டுப்போன நிலத்தடி நீர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நாட்டின் செல்வம் என்பதில் அந்த நீரும் சேரும்.

வினாத்தாளுக்குத் தாள் இல்லாத நாள்

2022இல் இலங்கையில் நடந்ததை ஆசிரியர்கள் மறக்க முடியாது. வெளிநாட்டுக் கடன் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. வரிக் குறைப்பால் அரசின் வருவாய் சரிந்தது. கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்றது. ரசாயன உரத்துக்கு விதித்த தடையால் விளைச்சல் அடிவாங்கியது. பற்றாக்குறையை அடைக்க டாலர் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில், அச்சிடத் தாளும் மையும் இறக்குமதி செய்ய முடியாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைத் தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் சில வாரங்களில் 360 ரூபாய் அளவுக்கு எகிறியது. எரிபொருள் இல்லாமல் பள்ளிகள் மூடப்பட்டன. செலுத்துநிலை என்ற பாடநூல் சொல்லுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் தேர்வு எழுத முடியாமல்போனதும் ஒரு பொருள்தான்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: டாலர் ஏலம் (10 நிமிடம்). ஐந்து துண்டுச் சீட்டுகளில் ‘1 டாலர்’ என்று எழுதுங்கள். எட்டு மாணவர்களுக்குத் தலா 100 ரூபாய் விளையாட்டுப் பணம் கொடுத்து ஏலம் விடுங்கள். அடுத்து அதே ஐந்து சீட்டுகளை மூன்று மாணவர்களுக்கு மட்டும் ஏலம் விடுங்கள். இரண்டு விலைகளையும் கரும்பலகையில் எழுதினால், மாற்று விகிதத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு மாணவர்களே விடை சொல்வார்கள்.

செயல்பாடு 2: மருதமும் நெய்தலும் (ஒரு பாடவேளை). வகுப்பை இரண்டு நாடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 புளியங்கொட்டையும் 10 நிலச்சீட்டும் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மருதம் 6 கொட்டைக்கு வாங்கும். நெய்தல் 4 கொட்டைக்கு வாங்கும். மருதத்துக்குச் சுற்றுக்கு 2 பற்றாக்குறை. ஐந்து சுற்றில் அதன் கையிருப்பு தீரும். ஆறாம் சுற்றிலிருந்து ஒரு நிலச்சீட்டைக் கொடுத்து 2 கொட்டை வாங்கலாம். ஆனால் கொடுத்த ஒவ்வொரு சீட்டுக்கும் அடுத்த சுற்று முதல் ஒரு கொட்டை வாடகை தர வேண்டும். ஆறாம் சுற்றில் ஒரு சீட்டு போகும், ஏழிலும் எட்டிலும் தலா இரண்டு, ஒன்பதில் நான்கு. பத்தாம் சுற்றில் ஐந்து சீட்டு தேவைப்படும். கையில் இருப்பது ஒன்றே ஒன்று. விரைவாக முடிவு தெரிவதற்காகவே வாடகையை அதிகமாக வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஆட்டத்தை ஆறாம் சுற்றிலிருந்து மாற்றி ஆடுங்கள். மருதம் இரண்டு சீட்டு கொடுத்து 4 கொட்டை பெறட்டும். இரண்டு பற்றாக்குறைக்கு, இரண்டு நெய்தலிடம் ஒரு கருவி வாங்க. அந்தக் கருவியால் ஏழாம் சுற்று முதல் மருதத்தின் விற்பனை 9 கொட்டையாகட்டும். 6 கொட்டைக்கு வாங்கி, 2 கொட்டை வாடகை கொடுத்த பின்னும் சுற்றுக்கு ஒன்று மிஞ்சும். எட்டாம் சுற்றின் முடிவில் ஒரு நிலச்சீட்டை மீட்கலாம். இரண்டு ஆட்டங்களிலும் மருதம் கடன் வாங்கியது. எங்கே வழி பிரிந்தது என்று மாணவர்களைப் பேசவிடுங்கள்.

திருத்த வேண்டிய சில புரிதல்கள்

‘டாலருக்கு அதிக எண்ணிக்கையில் கொடுக்கும் நாடு ஏழை நாடு’ என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 150 யென் கொடுக்கும் ஜப்பான் ஏழை நாடல்ல. எண்ணின் அளவைவிட அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

‘இறக்குமதியை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகும்’ என்பது அடுத்தது. எண்ணெயை நிறுத்தினால் ஏற்றுமதிச் சரக்கை ஏற்றும் லாரியும் நிற்கும். ரசாயனத்தை நிறுத்தினால் தோல் ஆலை நிற்கும்.

‘தங்கம் வாங்குவது தேசத் துரோகம்’ என்றும் சிலர் பேசக் கேட்டிருப்போம். விலைவாசிக்குப் பயந்து கிராம் கிராமாகச் சேர்க்கும் தாய்க்கு அது காப்பீடு. நம்பிக்கையான வேறு சேமிப்பு கிடைத்தால் அவர் தேர்வும் மாறக்கூடும். குடும்பத்தைக் குறை சொல்லாமல் இதை வகுப்பில் பேச முடியும்.

‘ரூபாய் ஏன் குறைகிறது’ என்று கேட்கும் மாணவருக்கு இப்போது மூன்று கேள்விகளைத் திருப்பிக் கொடுக்கலாம். இடைவெளி எவ்வளவு? அதை எந்தப் பணம் அடைக்கிறது? வாங்கியது விதை நெல்லா, விருந்தா? இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்த மாணவர், நாளிதழின் வணிகப் பக்கத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்வார்.